எங்கும் போகாத மூட்டை

எழுபத்து மூன்று நாட்களாக அந்த அச்சகத்திலிருந்து குப்பைமேட்டுக்கு ஒரு மூட்டைகூடப் போகவில்லை. கணக்கு அவள் கையெழுத்தில் இருந்தது. இன்று பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்து 'பூஜ்யக் குப்பை' சான்றிதழ் கொடுத்துவிட்டால், குப்பையைக் குறைக்க அமர்த்தப்பட்ட அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம். அவள் சேர்ந்த புதிதில் தினம் ஒன்பது மூட்டை போனது. அட்டையெல்லாம் பெட்டி ஆலைக்குப் போக வைத்தாள். மை டப்பாக்களை விற்றவர்களையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாள். லேபிள்களை நெருக்கி அடிக்கச் சொல்லி மிஷின்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எட்டு மூட்டை குறைந்தது. ஒன்று மட்டும் உடும்புப் பிடியாக நின்றது. லேபிளை வெட்டிய பிறகு சுற்றிலும் மிஞ்சும் ஒட்டுத்தாள். பசை இருப்பதால் எந்தக் காகித ஆலையும் அதைத் தொடாது.

பிறகு ஒருநாள் அதுவும் நின்றது. "நமக்குத் தாள் விக்கிறவரே திரும்ப எடுத்துக்கிறார் பாப்பா" என்றாள் கூட்டிப் பெருக்கும் அக்கா. நிறை அழியாது என்று படித்துப் பட்டம் வாங்கியவள், ரசீது கேட்கவில்லை. கூச்சம்தான். நல்ல செய்தியை எதற்குக் குடைவது என்றும் இருந்தது. மிஷின்காரர்கள் அவளுக்கு 'பூஜ்யம் மேடம்' என்று பேர் வைத்தார்கள்.

எடை போடும் அறையின் சாவி அக்காவிடம் இருந்தது. இன்று பார்த்து அக்கா வேலைக்கு வரவில்லை. ஒன்பதரை மணிக்கு அவளே தேடிப் போனாள். பின்தெருவில் ஒற்றை அறை வீடு.

கதவு பாதிதான் திறந்தது. உள்ளே பசை வாடை மூச்சை அடைத்தது. தரையிலிருந்து கூரைவரை மூட்டைகள். எல்லாவற்றிலும் அச்சகத்தின் முத்திரை. ஜன்னல் தெரியவில்லை. நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம். அதில் அக்காவின் கணவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. புது மெத்தை வாங்கியிருக்கோம். எங்க வேணா சாஞ்சுக்கலாம்" என்று சிரித்து, இருமினார்.

அடுப்புக்கும் மூட்டைக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவள் பக்கத்து மூட்டையை முழங்கையால் தள்ளிப் பார்த்தாள்; நகரவில்லை.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தூக்கித் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு வந்துடுவேன் பாப்பா."

"ஏன்க்கா?"

"ஒரு மூட்டை போனாலும் உன் வேலை போயிடும்னு அன்னிக்கு அழுதியே."

"தெருத் தொட்டியிலயாவது போட்டிருக்கலாமே..."

"அதையும் அதே லாரிதானே எடுக்கும்? குப்பைமேட்டுக்கே போகக் கூடாதுன்னு நீதானே சொன்னே." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் திறந்துடாதே. உன் கணக்குல பொய் இல்ல. ஒண்ணுகூடப் போகல."

பதினொரு மணிக்கு ஆய்வாளர் தாள்களைப் புரட்டினார். முதலாளி பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். மேசைக்கு மேலே சுவரில் சான்றிதழுக்கென்று ஆணிகூட அடித்தாயிற்று.

"பிரமாதம்மா. ஒட்டுத்தாள்தான் எல்லா இடத்துலயும் உதைக்கும். குப்பைமேட்டுக்குப் போகலைதானே?"

"போகல சார்."

உண்மைதான். ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். மேசையில் ஊன்றிய முழங்கையை அவளால் எடுக்க முடியவில்லை. சட்டைக் கையில் ஒட்டுத்தாள் ஒன்று மூட்டையோடு உரசியதில் ஒட்டி வந்திருந்தது. லேபிள்கள் இருந்த இடமெல்லாம் வரிசையாக ஓட்டை. அவள் அதை மெல்ல உரித்தாள். சர்ரென்ற சத்தத்தில் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அப்போ எங்க போகுது?" பேனா தாளைத் தொடாமல் நின்றது.

தாள் இப்போது அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எங்கயும் போகல சார். எழுபத்து மூணு மூட்டையும் எங்க அக்கா வீட்டுல இருக்கு. அவங்க அதுக்கு நடுவுலதான் சமைக்கிறாங்க."