தலைக்குள் ஒரு முதலாளி

திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் 'ஆமத்தூர் வழி விருதுநகர்' என்ற பலகையைப் படித்த ஊர்க்காவலன் அதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பலகையில் பிழை இல்லை. அதைத் தலைக்குள் வாசித்த குரல்தான் மாறியிருந்தது. அது அச்சக முதலாளி ஜெயச்சந்திரனின் குரல். பொன்னாடையை வாங்கிக்கொண்டு மைக்கின் முன் செருமுகிற குரல்.

வாயைத் திறக்காமல் படித்தாலும் உள்ளே ஒருவர் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். முப்பது வருடமாக அச்சுப்பிழை திருத்துகிற ஊர்க்காவலனுக்கு இதை எந்த மருத்துவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண் ஏமாந்துபோகும் பிழைகூட அந்த உள்காதுக்குத் தட்டுப்பட்டுவிடும். அவருக்குள் வாசித்துவந்தவள் அவர் மனைவி வள்ளித்தாய். அதே அச்சகத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூலப்பிரதியை அவள் உரக்க வாசிப்பாள். அவர் அச்சுப்படியில் விரலை ஓட்டுவார். எதையும் விடக்கூடாது என்பது அந்த வேலையின் விதி. கமாவைக் 'கமா' என்றும் முற்றுப்புள்ளியைப் 'புள்ளி' என்றும் வாயால் சொல்ல வேண்டும். தினசரிக் காலண்டரின் ராசிபலனை வருடாவருடம் அப்படித்தான் வாசித்தாள். "மேஷம் லாபம் கமா ரிஷபம் நஷ்டம் கமா மிதுனம் சுகம் கமா." லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் அவள் குரலில் வித்தியாசமே கிடையாது. 'கமா' என்கிறபோது மட்டும் லேசாகத் தாழும்.

அவள் போய் மூன்று வருடம். போட்டோ இருக்கிறது, குரலைப் பதிந்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் மாத்திரை அட்டையோ ரேஷன் கடை அறிவிப்போ, எதைப் படித்தாலும் உள்ளே அவள்தான் வாசித்தாள். வீட்டில் பேச ஆளில்லாத குறையை ஊர்க்காவலன் பழைய பேப்பர்களை வைத்து ஓட்டிவந்தார்.

அதைக் கெடுத்தது மணிவிழா மலர். முதலாளிக்கு அறுபது பூர்த்தியாகிற செய்தியை நாடு நூற்றிருபது பக்கங்களுக்குக் குறையாமல் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாழ்த்துரை வழங்கிய பதினான்கு பிரமுகர்களும் 'அன்னார்' என்றே தொடங்கியிருந்தார்கள். பதினான்கையும் எழுதியவர் மேனேஜர். வாழ்க்கை வரலாறு மட்டும் முதலாளியின் சொந்தக் கற்பனை. இத்தனை பக்கத்தை உரக்க வாசிக்க ஆளில்லை என்றதும் முதலாளியே, "நானே வாசிக்கேன், நீங்க பாருங்க" என்று வந்து வள்ளித்தாயின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாள். கமாவை அவர் சொல்லவில்லை. கமா வந்த இடங்களில் கைதட்டலுக்கு நேரம் விட்டார். ஆமத்தூரிலிருந்து வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்த கட்டத்தில் அவருக்கே கண் கலங்கியது.

ஐந்தாம் நாள் காலையில் பேருந்துப் பலகை. அதன்பின் சலூன், சைக்கிள் கடை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, எல்லாவற்றையும் அன்னாரே வாசித்தார். ஊர்க்காவலன் பதறிப்போய் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த வள்ளித்தாயின் மளிகைச் சீட்டைப் பிரித்தார். துவரம்பருப்பு அரைக்கிலோவை முதலாளி தமிழ்ச் சமுதாயத்துக்கு அர்ப்பணித்தார்.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற ஸ்ரீமதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ மனசுக்குள்ள படிக்கையில யாரு கொரலு கேக்கும்?"

"எங்க வீட்டுக்காரர் கொரலு கேட்டுச்சுன்னா நான் படிக்கதையே விட்ருவேண்ணே."

"வெளையாடாத. எனக்கு மொதலாளி கேக்காரு."

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப வள்ளித்தாயக்கா கொரலு?"

அவர் மளிகைச் சீட்டைத் திரும்ப மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நாலு நாளைக்கு லீவப் போட்டு ஒண்ணும் படிக்காம இருங்கண்ணே. சரியாப் போகும்."

படிக்காமல் அந்த வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி வந்துவிட்டார். "ஊர்க்காவலன், கடைசியா ஒருக்க மொதல்லருந்து பாத்துருவமா? வீட்ல யாருக்கும் கேக்க நேரமில்லங்காக." கடைசி வாக்கியத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இன்னும் நான்கு நாள் இந்தக் குரல் உள்ளே போனால் வள்ளித்தாய் திரும்பிவர இடமே இருக்காது. முப்பது வருடத்தில் ஊர்க்காவலன் முதலாளியிடம் மறுத்துப் பேசியதில்லை.

"இந்தத் தடவ நான் வாசிக்கேன் மொதலாளி. நீங்க அச்சுப்படியப் பாருங்க."

"நானா?"

"எழுதுனவுக பாத்தாத்தான் தப்பு தெரியும்."

முதலாளி கௌரவத்தோடு சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டார். ஊர்க்காவலன் எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து வாசித்தார்.

"வெறுங்காலோடு கமா வெறும் வயிற்றோடு கமா சுட்டெரிக்கும் வெயிலில் அச்சிறுவன் நடந்தான் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி."

"மூணு வேண்டாம். ஒண்ணு போதும்."

"நடந்தான் ஆச்சரியக்குறி."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "அதையும் எடுத்துருங்க."

"நடந்தான் புள்ளி."

"நடக்கல ஊர்க்காவலன்," என்றார் முதலாளி. "கார்லதான் போனேன். டிரைவர் எறக்கிவிட்டுட்டுப் போனா சாயங்காலந்தான் வருவாரு. அதுவரைக்கும் ஒரு பய எங்கூடப் பேசமாட்டான்."

"அத எழுதிக்கிடவா மொதலாளி?"

"வேண்டாம். மேல வாசிங்க."

ஊர்க்காவலன் வாசித்தார். தன் வாயிலிருந்து வருவதையே கவனித்துக்கொண்டிருந்தார். அது முதலாளியின் குரல் இல்லை. வள்ளித்தாயுடையதும் இல்லை. மூன்று வருடமாக 'ஒரு டீ', 'ஒரு டிக்கெட்' என்பதற்கு மேல் பேசிப் பழகாத, கரகரத்த யாரோ ஒருவருடையது. 'கமா' என்கிறபோது மட்டும் அது லேசாகத் தாழ்ந்ததுபோல இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த பத்தியில் கமாக்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் சற்று நின்றார். எதிரே முதலாளி அவசரப்படுத்தவில்லை. அவருடைய மோதிர விரல் தாளில் அந்தந்தக் கமாவின் மேலேயே காத்துக்கொண்டிருந்தது.