அவள் போடாத கையெழுத்து

அண்ணன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகச் சரக்கைச் சோதிப்பவள் அவள்தான். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் உலைகளில் பொருத்தும் வெள்ளைப் பீங்கான் குழாய்கள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் ஊறவைத்துக் கழுவுவாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் மை தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கியதை அங்கேயே சுத்தியலால் உடைப்பாள். விட்டுவைத்தால் அண்ணன் எப்படியாவது பெட்டிக்குள் தள்ளிவிடுவான்.

மகளின் பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு போட்டாள். சில வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஆயிரத்து அறுநூறு டிகிரி சூட்டில் வெடித்த குழாய். பக்கத்தில், அந்த உலையை இயக்கிய பெண்ணின் கை, முழங்கை வரை கட்டுடன். கூடவே சோதனைச் சான்றிதழ். அதில் இவள் கையெழுத்து. தேதி, பேரன் பிறந்த நாள்.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குள் நுழைந்தாள்.

"இது யார் போட்டது?"

"கத்தாத. அவசர ஆர்டர். நம்ம சூளையில இடமில்ல, வெளியில வாங்கி நம்ம முத்திரையக் குத்தி அனுப்பினேன்."

"என் கையெழுத்து?"

"நீ இருந்திருந்தா போட்டிருப்பல்ல? அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன பெரிய கையெழுத்து!"

"இருந்திருந்தா உடைச்சிருப்பேன்!"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இப்ப அவங்க வீடியோவுல வருவாங்க. சூட்ட வேகமா ஏத்தினது அந்தப் பொண்ணு தப்புன்னு சொல்லப்போறேன். நீ சும்மா தலையாட்டு, போதும்."

திரையில் வாங்குபவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அண்ணன் சிரித்தபடி ஆரம்பித்தான். அடிபட்டவள் பக்குவம் போதாதவள் என்று அவன் சொன்னதும் இவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"தப்பு அந்தப் பொண்ணோடது இல்ல. அந்தக் குழாய் எங்க சூளையில செஞ்சதே இல்ல. நான் சோதிக்கவும் இல்ல. அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். இந்தக் கையெழுத்து பொய்."

அண்ணன் பாய்ந்து கணினியை மூடினான். "குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி! வெளிய போ!"

"போறேன். ஆனா அந்தச் சரக்கு வேற எங்கெல்லாம் போச்சுன்னு தெரியாம நகரமாட்டேன்."

அனுப்பும் பிரிவிலிருந்து பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கி, தன் மேசையில் உட்கார்ந்தாள். ஏழு ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் அவளே போன் செய்தாள். ஆறு பேர் பெட்டியே பிரிக்கவில்லை. ஏழாவது இடத்தில் குழாயைப் பொருத்திச் சூடேற்றத் தொடங்கியிருந்தார்கள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பொட்டலம் கட்டுபவர்கள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த உலை அணைந்தது என்று கேட்ட பிறகுதான் ரிசீவரை வைத்தாள்.

அன்றே வேலை போனது. அந்த மாதமே வாங்குபவர்களும் போனார்கள்.

அம்மா போனில் அழுதாள். "ஆயிரம் இருந்தாலும் அவன் உன் கூடப்பிறந்தவன்டி. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு."

"அவன் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டானாம்மா?"

"ஒரே ஒரு வார்த்தைடி" என்றாள் அம்மா மறுபடியும். இவள் போனை வைத்தாள்.