வற்றாத தொட்டி

ஆகஸ்ட் ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு, குடிநீர் வாரியத்தின் மேட்டுப் பகுதி மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் 4.2 மீட்டராக இருந்தது. அதே நேரத்தில், அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் பெறும் 212 வீடுகளில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

அந்த வீடுகளில் ஒன்றில், வாரியத்தின் கணினிப் பிரிவில் வரைவாளராக வேலை பார்க்கும் பெண் அரை டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கீழ்த்தளத்தில் அவள் நாத்தனாரின் சலவைக்கடை. மூன்று இயந்திரங்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் துவைத்துத் தராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அது கைவிட்டுப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

“அண்ணி, உங்க கம்ப்யூட்டர்ல நம்ம தெருவுக்குத் தண்ணி வருதா?” என்றாள் நாத்தனார்.

“வருது.”

“பிரஷர் எப்படி?”

“நல்லா இருக்கு.”

“அப்போ இந்த மூட்டையெல்லாம் ஆபீசுக்கே தூக்கிட்டுப் போங்க. அங்கேயே அலசி, அங்கேயே காயப்போட்டுக் கொண்டாங்க.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தப்பு அவளுடையது.

ஏப்ரல் மாதம், நகரத்தின் குழாய்கள், வால்வுகள், பம்புகள், தொட்டிகள் அத்தனையையும் கணினியில் ஏற்றி ‘மாடல்’ செய்யும் வேலை அவளிடம் வந்தது. அந்த மென்பொருளில் தண்ணீர் இருக்கும் இடத்தை இரண்டு விதமாக வரையலாம். தொட்டி என்று வரைந்தால் அது விட்டம் கேட்கும், உயரம் கேட்கும், எடுக்க எடுக்க மட்டம் குறையும். ஏரி என்று வரைந்தால் ஒரு மட்டத்தை மட்டும் கேட்கும். அதன் பிறகு ஊரே உறிஞ்சினாலும் அந்த மட்டம் மாறாது. மேட்டுப் பகுதித் தொட்டியை வரையும்போது அதன் விட்டம் எழுதிய கோப்பு பீரோவில் இருந்தது. பீரோ சாவியை வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அதை ஏரியாக வரைந்து, மட்டம் 4.2 என்று போட்டுவிட்டு அவளும் சாப்பிடப் போனாள். திரும்பி வந்ததும் அடுத்த பகுதியை வரைய ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று கமிட்டிகள் மாடலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டன. ஜூலை கடைசியில் தலைமைப் பொறியாளர் ஒருநாள் விளையாட்டாக மேட்டுப் பகுதி பம்பை மாடலில் நிறுத்திப் பார்த்தார். தொட்டி குறையவில்லை. மாடலை ஒருநாளுக்கு ஓட்டினார், ஒருவாரத்துக்கு ஓட்டினார், ஒருவருஷத்துக்கு ஓட்டினார். 4.2 மீட்டர் அப்படியே நின்றது.

“இத்தனை வருஷமா இந்த பம்பை எதுக்குய்யா ஓட்டினோம்?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஜூலை 28 திங்கட்கிழமை நிஜ பம்பை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை நிஜத் தொட்டி வற்றியது.

அவள் ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள்.

“சார், தப்பு என்னோடது. தொட்டியை ஏரின்னு வரைஞ்சுட்டேன்.”

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “ஏம்மா, நீ ஒரு ஆள் தப்பு பண்ணுவே, ஒத்துக்கறேன். மூணு கமிட்டியும் சேர்ந்து தப்பு பண்ணுமா?”

“பார்த்திருக்க மாட்டாங்க சார்.”

“அதை எழுத்துல குடுப்பியா?”

அவள் கொடுக்கவில்லை. திருத்தப் படிவம் மட்டும் கொடுத்தாள். மூன்று கமிட்டிகளும் மறுபடி கூடும்போது அது பரிசீலிக்கப்படும் என்றார்கள். கமிட்டிகள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும்.

இதற்கிடையில், மாடலுக்கும் களத்துக்கும் வேறுபாடு இருந்தால் உடனே நீக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையைத் தலைமைப் பொறியாளர் தேடி எடுத்தார். எதை மாற்றி நீக்குவது என்று அதில் இல்லை. மாடலில் மூன்று கையெழுத்து இருந்தது. களத்தில் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆகவே களத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவை நிறைவேற்றியவர் வால்வு ஆபரேட்டர். வால்வைத் திருகும் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சுமந்து திரிவதால் அவருக்குச் சாவி என்றே பெயர். சனிக்கிழமை பம்பை ஓட்டித் தொட்டியை 4.2 மீட்டருக்கு நிரப்பினார். பம்பை நிறுத்தினார். தண்ணீர் குறையக் கூடாது என்று சொல்லியிருந்ததால், வெளியே போகும் குழாயின் வால்வை இறுக மூடினார். அதன் பிறகு காலையும் மாலையும் அளந்து பார்த்தார்கள். களம் மாடலோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. பாராட்டி ஒரு கடிதம் வந்தது. கூடவே, வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு குழு மாடலைப் பார்க்க வருவதாகத் தகவலும் வந்தது.

இவ்வளவும் மனதில் ஓட, புதன்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே தொட்டியடிக்குப் போனாள். சாவி தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வால்வைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்.”

“திறந்தா மட்டம் இறங்கும். மட்டம் இறங்குனா எனக்கு மெமோ வரும். போம்மா.”

“உங்க வீடும் இங்கதானே இருக்கு?”

“ஆமா. என் பொண்டாட்டி என்கூடப் பேசி நாலு நாள் ஆச்சு. அந்த வகையில நிம்மதிதான்.”

அவள் வால்வுக் குழியை எட்டிப் பார்த்தாள். துருப்பிடித்த பெரிய வால்வு. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது: இந்த வால்வு மாடலில் இல்லை. ஏரியிலிருந்து நேராகக் குழாய் வரைந்திருந்தாள்.

“அண்ணே, இந்த வால்வு எங்க ரெக்கார்டுலயே கிடையாது.”

“அப்போ நாலு நாளா நான் எதைம்மா மூடி வெச்சிருக்கேன்?”

தப்பைத் திருத்தத்தான் மூன்று கமிட்டி வேண்டும். களத்தில் புதிதாகக் கண்டுபிடித்த சாமானைச் சேர்க்க வேறு படிவம், ஆபரேட்டர் கையெழுத்து ஒன்று போதும். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். ‘நிலை’ என்ற இடத்தில் ‘மூடியது’ என்று எழுதினாள். சாவி தன் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அந்த வால்வை மாடலில் ஏற்றினாள். பிறகு கூட்ட அறையின் பெரிய திரையில், வரும் குழுவுக்குக் காட்டுவதற்கான ஒத்திகை நடந்தது. நகரம் முழுக்கப் பச்சையாக இருந்தது. மேட்டுப் பகுதி மட்டும் ரத்தச் சிவப்பு. கீழே எழுத்துகள் மினுக்கின: 212 இணைப்புகள் துண்டிக்கப்பட்டுள்ளன.

தலைமைப் பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஐயோ! இத்தனை வீட்டுக்குத் தண்ணி இல்லையா?”

“இல்லை சார்.”

“எப்போலேர்ந்து?”

“மாடல்ல இன்னைக்குக் காலையிலேர்ந்து சார்.”

“நாளைக்கு ஆளுங்க வர்றாங்கம்மா! இந்தச் சிவப்பு போகணும். என்ன செய்யணும்?”

“வால்வைத் திறக்கணும் சார்.”

“திறந்து தொலை!”

அவள் ஒரு தட்டுத் தட்டினாள். திரை பச்சையானது. தலைமைப் பொறியாளர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“சார், இப்போ களத்துல வால்வு மூடியிருக்கு. மாடல்ல திறந்திருக்கு. வேறுபாடு வந்துடுச்சு.”

“அங்கேயும் திறக்கச் சொல்லு. ஆனா மட்டம் நாலு புள்ளி ரெண்டுல நிக்கணும்.”

“பம்பு ஓடினா நிக்கும் சார்.”

அவர் முகம் சுருங்கியது. பம்பை நிறுத்தியது அவருடைய சாதனை. “மாடல்ல பம்பை ஓட்டினா பச்சை மாறுமா?”

“மாறாது சார். அது ஏரி. ஓட்டினாலும் ஒண்ணுதான், ஓட்டலைன்னாலும் ஒண்ணுதான்.”

“ஓட்டினா அந்தச் சக்கரம் சுத்துற மாதிரி படம் வருமே?”

“வரும் சார்.”

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எல்லாம் பச்சையாக, எதுவும் அசையாமல் இருந்தது.

“சுத்தட்டும்,” என்றார். “பார்க்க உயிரோட்டமா இருக்கும்.”

அன்று மதியம் இரண்டு மணிக்குச் சாவி பம்பைப் போட்டு வால்வைத் திறந்தார். இரண்டே காலுக்குச் சலவைக்கடைக் குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்தது. நாத்தனார் மூட்டைகளை அவிழ்த்தாள்.

“கம்ப்யூட்டர்ல இப்போ எப்படி இருக்கு அண்ணி?” என்று போனில் கேட்டாள்.

“முன்ன மாதிரியேதான்.”

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விரிப்புகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. கொஞ்சம் ஈரமாக இருந்தன, வாங்கிக்கொண்டார்கள். மேட்டுப் பகுதி பம்பு இப்போது நிற்காமல் ஓடுகிறது. தெருவில் தண்ணீர்ப் புழக்கம் குறையும் நேரங்களில் தொட்டி வழிந்து சாக்கடையில் போகிறது. மாடலில் வழியவில்லை. திருத்தப் படிவம் பரிசீலனையில் இருக்கிறது.