இருபத்தொரு நாள் சூடு

வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் கண் சுவரில் இருக்கும், பாய்லர் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான் போகும். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் பாய்லர் ஓடுகிறது, என் காசு எரிகிறது. எரியாவிட்டால் தரை குளிர்கிறது. இரண்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது.

அறுபத்தோரு வயதில் ஒரு கேஸ் பாய்லரைக் கட்டி மேய்க்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. முன்பிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து வெந்நீர் வந்து தரைக்கடியில் ஓடும். அக்டோபரில் தரை சுடத் தொடங்கும், ஏப்ரலில் ஆறும். யாரும் எதையும் தொடுவதில்லை. மனைவியின் வைத்தியத்துக்கு அந்த வீடு போனது. பிறகு மனைவியும் போனாள். இஞ்சியோன் நகரில் இந்தப் பழைய மூன்றுமாடிக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்தேன். இங்கே அவரவர் வீட்டுத் தரைக்கு அவரவர் பாய்லர். பழைய பழக்கத்தில் பெட்டியை இருபத்தைந்து டிகிரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். டிசம்பர் பில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வோன். ஒண்டிக்கட்டைக்கு!

அந்த பில் வந்த அன்று என் மகள் போராம் எட்டு மாத வயிற்றோடு பேரிக்காய் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவள் எதிரிலேயே குதித்தேன். கேஸ்காரன், வீட்டுக்காரன், பாய்லர் செய்தவன், ஒருத்தரையும் விடவில்லை. பெட்டியைப் பதினேழுக்கு இறக்கிவிட்டு, பஞ்சுக் கோட்டோடு சாப்பிட உட்கார்ந்தேன். அவளும் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டுவிட்டுப் போனாள். அதை நான் கவனிக்கவில்லை.

நான் பஸ் ஓட்டும் டிப்போவில் மற்ற ஓட்டுநர்களிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அணைக்கவே கூடாதுண்ணே. அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் அது கேஸைக் குடிக்கும்."

"யோவ், இவன் பேச்சைக் கேட்டா நீ பஸ்லதான் குடியிருக்கணும். 'வெளியே போகிறேன்'னு ஒரு பொத்தான் இருக்கும் பாரு, அதை அமுக்கிட்டு வேலைக்கு வா."

"அதை அமுக்கினா திரும்பி வந்ததும் ரெண்டு மடங்கு எரியும். மூணு மணி நேரத்துக்கு ஒருவாட்டி ஓட விடுங்கண்ணே, அதான் கணக்கு."

மூன்றையும் செய்து பார்த்தேன். எதற்கு எவ்வளவு எரிகிறது என்று வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டரைப் போய்ப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினாள்.

இந்த லட்சணத்தில் ஜனவரியில் போராமுக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் பொறியாளர். மார்ச் வரை கடலில். நான்தான் வற்புறுத்தி என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பிள்ளை பெற்றவள் இருபத்தொரு நாள் சுடுகிற தரையில் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்புக்குள் காற்று புகுந்து ஆயுசுக்கும் போகாது. போராம் பிறந்த குளிர்காலத்தில் எங்கள் வாடகை அறையில் தரையைச் சூடாக்கும் கரியடுப்பு அணைந்து அணைந்து போகும். அப்போதும் கரிக்கு நான் கணக்குப் பார்த்தேன். என் மனைவிக்கு முழங்கால் வலித்தபோதெல்லாம், "அன்னிக்கு என்னைக் குளிர்ல போட்டீங்களே, அதுதான்," என்பாள். சாகும்வரை சொன்னாள். அதே பேச்சை மகளிடமும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"வந்து படும்மா. தரை சுடலைன்னா என்னை ஏன்னு கேளு," என்று போனில் சொன்னேன்.

"பில்லுப்பா?"

"பில்லைக் குப்பையில போடு."

செவ்வாய்க்கிழமை அவள் வருவதற்குள் வீடு முழுவதையும் அடுப்பாக்கி வைத்தேன். வட்டார அலுவலகத்திலிருந்து பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிய சா மால்சுன் அம்மாவும் கூடவே வந்தாள். என் வயதுதான் இருக்கும். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போவாள். வந்ததும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"போராம் அப்பா, பஸ் ஓட்டுறீங்களாமே?"

"ஆமா."

"அப்ப இருபத்தொரு நாள் முடியறவரைக்கும் இந்த அறைக்குள்ள காலை வைக்கப்படாது. ஊர் இருமல் எல்லாம் உங்க பஸ்லதான் ஏறுது. பேத்தியைப் பார்க்கணும்னா முகக்கவசத்தால வாயை மூடிக்கிட்டு வாசல்ல நின்னு பாருங்க."

மூடிய வாயோடு பார்த்தேன். குழந்தை கொட்டாவி விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று மாலைதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், தரைக்கடியில் ஓடும் வெந்நீரை அறை அறையாகப் பிரித்துவிடும் மூன்று வால்வுகள் இருக்கின்றன. குடி வந்தபோது அவற்றில் கட்டியிருந்த அட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அவற்றை அறுத்துப்போட்டு, புதிதாக வெட்டி, என் கையாலேயே எழுதிக் கட்டியிருந்தேன்: 'போராம்', 'கூடம்', 'அப்பா'. கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரில் ஓர் அறை எதற்கு என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

'அப்பா' வால்வை இறுக்கி மூடினேன். என் பங்குச் சூடும் அவளுக்கே போகட்டும். கேஸும் கொஞ்சம் மிச்சமாகும். அந்த நினைப்பும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்து என் அறையில் உட்கார்ந்தால் தரை சுட்டது. மூடிய அறையே இப்படியென்றால் அவள் அறை எப்படியிருக்கும்? சுவர் வழியாகக்கூடச் சூடு ஒழுகுகிறது என்று முடிவுகட்டினேன். பெட்டியைப் பார்த்தேன். இருபத்தாறு. விளக்கு அணையவே இல்லை. பின்கட்டில் பாய்லர் உறுமிக்கொண்டே இருந்தது. உட்கார முடியவில்லை. மீட்டரைப் பார்த்தேன், திரும்ப வந்தேன், மறுபடியும் பார்த்தேன். பெட்டியை இருபத்துநாலுக்கு இறக்கினேன். வெட்கமாக இருந்தது. ஏற்றினேன்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "போராம், எப்படிம்மா இருக்கு?"

"சூடா இருக்குப்பா."

"வேர்க்குதா?"

உள்ளே போர்வையை இழுக்கும் சத்தம் கேட்டது. "இல்லப்பா, சரியா இருக்கு."

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. என் அறையில் பனியனோடுகூட இருக்க முடியாமல் ஜன்னலைத் திறந்து வைத்தேன். மால்சுன் அம்மா பிள்ளை பெற்றவளுக்கான கடற்பாசி சூப்பை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் என்னை முறைத்தாள். சூப்பில் ஆவி பறந்ததை விட அவள் முகத்தில்தான் அதிகம் பறந்தது. வெள்ளிக்கிழமை பெரிய துணி மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து அறைக்குள் போனாள்.

"என்னங்க அது?"

"உங்களுக்கு ஒண்ணும் செலவில்ல, பயப்படாதீங்க," என்று கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தவன் வாய் சும்மா இருக்காமல், "அப்பாடா, என்னமா ஓடுது," என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள் மால்சுன் அம்மா.

"எது ஓடுது? உங்க மனசாட்சிதான் ஓடிப்போச்சு. வாயைத் திறக்காதீங்கன்னு உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக் கெஞ்சினா, அதான் மூணு நாளா பொறுத்தேன். என் வீட்டு மின்சாரப் பாயைக் கொண்டாந்து போட்டிருக்கேன், தெரியுமா? பச்சை உடம்புக்காரியைக் கல்லு மேல கிடத்திட்டு மீட்டரைக் கும்பிடப் போறீங்களே, நீங்களெல்லாம் ஒரு தகப்பனா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயை மூடவும் மறந்து அந்த அறைக் கதவைத் திறந்தேன். குனிந்து தரையில் கையை வைத்தேன்.

குளிர்ந்து கிடந்தது. போராம் மின்சாரப் பாயின் மேல், இரண்டு போர்வைக்குள், குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். காலில் என் பழைய கம்பளிக் காலுறை.

"ஏம்மா சொல்லலை?"

"முதல் நாள் நல்லா சுட்டுச்சுப்பா. மறுநாள் ஆறிடுச்சு. உங்களுக்கு பில்லு நெனப்பு வந்துருச்சு போலன்னு விட்டுட்டேன். பரவால்லப்பா. பாய் இருக்கே."

"நான் உன் அறையை மூடலைம்மா! என் அறையைத்தான் மூடினேன்!"

அதற்குள் மால்சுன் அம்மா என் அறையைத் திறந்து பார்த்துவிட்டாள். "ஆத்தாடி! இங்க கோழியையே அவிச்சு எடுக்கலாம்! இதுல ஜன்னலை வேற தொறந்து போட்டிருக்காரு மனுஷன்!"

போராம் குழந்தையோடு எழுந்து வந்தாள். என் அறை வாசலில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துத் தரையைத் தொட்டாள். பிறகு திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுக்களைக்கு ஓடினேன். அலமாரிக் கதவைப் பிடுங்காத குறையாகத் திறந்து, டார்ச்சை அடித்தேன். மூடியிருந்த வால்வில் 'அப்பா' என்ற அட்டைதான் தொங்கியது. அதைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயைத் தொட்டபடியே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. அது சுவரோரமாக எந்தப் பக்கம் போகிறது என்று டார்ச் வெளிச்சத்தைக் கூடவே நகர்த்திப் பார்த்தேன். போராமின் அறைப் பக்கம்.

அப்போதுதான் பிடிபட்டது. குடி வந்த அன்று வெளியே உட்கார்ந்து, பழைய அட்டைகள் இருந்த வரிசையிலேயே புது அட்டைகளை இடமிருந்து வலமாக எழுதி வைத்தேன். கட்டும்போது கை எட்டாமல், தலையைச் சுவர்ப் பக்கம் அலமாரிக்குள் நுழைத்து, காலை வெளியே நீட்டி மல்லாந்து, தலைகீழாகப் பார்த்துக் கட்டினேன். அப்படிப் பார்க்கையில் இடம் வலமாகிவிடும். கூடம் நடுவில் இருந்ததால் தப்பித்தது. ஐம்பத்தேழு நிறுத்தங்களைப் போகும்போதும் வரும்போதும் தூக்கத்தில்கூட ஒப்பிக்கிற எனக்கு மூன்று வால்வின் வரிசை மாறிப்போனது.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மால்சுன் அம்மா. கழுத்தை வளைத்துப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "போராம், இங்க வா. உங்க அப்பா கையெழுத்தைப் பாரு."

அவளால் குனிய முடியாது. அட்டையை அறுத்துக் கையில் கொடுத்தேன். வாசித்தாள். திறந்தே இருந்த மற்ற வால்வில் தொங்கிய 'போராம்' அட்டையையும் அறுத்துக் காட்டினேன். சிரிக்கத் தொடங்கியவளுக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"இது கூடத் தெரியலையாப்பா உங்களுக்கு?"

அவள் படுக்கையைத் தூக்கிக்கொண்டுபோய் என் அறையில் விரித்தேன். ஜன்னலை மூடினேன். மால்சுன் அம்மா தடுக்கவில்லை. என் பாக்கெட்டிலிருந்த முகக்கவசத்தை மட்டும் எடுத்து நீட்டினாள். போராம் படுத்ததும் முதுகு தரையில் பட்டு, "ஆ" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் அம்மாவுக்கு நான் கொடுக்காத மூச்சு அது.

கேட்காமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"நாலு நாளும் அப்பாதான் மூடிட்டாருன்னு நம்பினியாம்மா?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "நம்பினேன்ப்பா. ஆனா கோபமெல்லாம் இல்ல."

கோபம் இருந்திருந்தால் தேவலை. என் மகளுக்கு அதை நம்புவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. யார் மேல் குறை சொல்ல? டிசம்பரில் அவள் எதிரில் குதித்தவன் நான்தானே.

கூடத்துக்கு வந்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல்முறையாக, அது அணைந்துவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.