ஈட்டிக்காரர் மேல் விழுந்த வெளிச்சம்

"மாமா, ஒண்ணு அந்த வெளிச்சத்த அணைங்க, இல்லேன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்று மருமகள் கத்தினாள். "சுவிட்சு என்கிட்ட இல்லம்மா. இருந்தாலும் அணைக்க மாட்டேன்" என்று மாமனார் அதற்கு மேல் குரலை ஏற்றினார். நாடகத்தில் பழகிய குரல், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போகும். எங்கள் தெருவில் கடைசி வரிசை என்றால் முக்கிலிருக்கும் லாண்டரி. "அது ராஜாவுக்குப் போட்ட லைட்டு மாமா. எவனோ பண்ண தப்புல உங்களுக்கு வந்துச்சு" என்றாள் அவள். பதிலுக்காகக் காது கொடுத்து நின்ற லாண்டரிக்காரர் யாருடைய சட்டைக் காலரையோ தீய்த்துவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான்: நடிகரான அந்த மாமனார் மேல் வாலிப வயதிலிருந்து ஒரு வட்ட வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மேலே விளக்கும் கிடையாது, ஒயரும் கிடையாது. நடந்தால் கூடவே வரும், படுத்தால் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். முதல் நாடகத்தில் அவருக்கு வசனமே இல்லை. ராஜாவுக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்க வேண்டும். அன்று மத்தியானம் லைட்மேனுக்கும் ராஜா வேஷக்காரருக்கும் சாப்பாட்டுப் பந்தியில் வாய்த்தகராறு. அந்தக் கடுப்பில் லைட்மேன் ராஜாவின் வெளிச்சத்தைக் காவலாளி மேல் திருப்பி வைத்துவிட்டு, அணைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் நாடகக் கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். ராஜா இருட்டில் நின்று தொண்டை கிழியப் பேசினார். ஜனம் ஈட்டிக்காரரையே பார்த்தது. கொட்டகையைப் பூட்டிய பிறகு வெளிச்சம் அவரோடு பஸ் ஏறியது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.

அதன்பிறகு அவருக்கு ஈட்டிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணம் ஆயிற்று. மனைவி கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டுதான் தூங்குவார். தன் புருஷன் எந்த வீட்டில் அரட்டை அடிக்கிறார் என்பதை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அந்த அம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. கரண்ட் போனால் தெருப் பெண்கள் "அண்ணே, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொள்வார்கள். சினிமாக்காரர்கள்தான் திண்டாடினார்கள். மூலையில் நிறுத்தினால் மூலையே நடுவாகிவிடும். பெரிய கதாநாயகர்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே அவரை ஜட்ஜாக, டாக்டராக, தன்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அப்பாவாக உட்கார்த்தி வைத்தார்கள். நீளமான வசனம் மட்டும் யாரும் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. இரவல் வாங்கின வெளிச்சத்துக்கு இதுவே அதிகம் என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம்.

மனைவி காலமாகி, மகனுக்குக் கல்யாணமாகி, கடைசியில் ஒரு டிவி தொடரில் தாத்தாவாக உட்கார்ந்தார். அதில் இருட்டறையில் கொலை நடக்க வேண்டும். தாத்தா வீட்டில் இருக்கும்வரை எந்த அறையும் இருட்டாகவில்லை. மேனேஜர் போன் செய்தார்: "ஐயா, கதைப்படி நீங்க தவறிட்டீங்க." "யாரக் கேட்டு?" என்றார் ஈட்டிக்காரர். டைரக்டர் சாமர்த்தியசாலி. ஒரு பாராட்டு விழா வைப்போம், அப்பா மேடையில் 'ஓய்வு பெறுகிறேன்' என்று ஒரு வரி சொல்லட்டும், அந்த வெளிச்சத்தையும் அணைத்துவிடலாம், உனக்கு என் கம்பெனியில் வேலை தருகிறேன் என்று மகனிடம் சொன்னார். சண்டை அதனால்தான் வந்தது. 'எவனோ பண்ண தப்புல' என்று மருமகள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையில்தான் கிழவர் சரி என்றார்.

விழாவுக்குப் பழைய லைட்மேனையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்கள். கண் மங்கி, காது மட்டும் பாம்புக் காதாக இருந்தார். "அன்னைக்கு அணைக்காம விட்டத இன்னைக்கு அணைச்சிடுங்க பெரியவரே" என்றார் டைரக்டர். பெரியவர் சுவிட்சைத் தட்டினார். அரங்கமே இருண்டது. மேடையில் வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. "நான் எங்கப்பா விட்டேன்?" என்று லைட்மேன் இருட்டிலிருந்து எரிந்து விழுந்தார். "ராஜா மேல கோவம். மொத்தத்தயும் அணைச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இவன் மேல நான் லைட்டே போடல. என்னமோ நான் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க!"

ஈட்டிக்காரர் மகன் எழுதிக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "ஓய்வா? நான் இன்னும் வசனத்தயே ஆரம்பிக்கல" என்றவர், முதல் நாள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்ட ராஜாவின் வசனத்தை ஒரு சொல் விடாமல் பேசினார். டைரக்டர் இரண்டு தடவை திரையை இறக்கச் சொன்னார். கயிறு பிடித்தவர் வாய் பிளந்து நின்றதால் திரை இறங்கவில்லை.

தொடரில் செத்துப்போன தாத்தாவுக்கு அடுத்த வாரமே ஓர் அண்ணன் முளைத்தார்; அதுவும் ஈட்டிக்காரர்தான். கொலையைப் பட்டப்பகலுக்கு மாற்றிக்கொண்டார்கள். கதாநாயகி கேமராமேனைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனாள். மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, கனத்த திரைச்சீலை போட்ட வீட்டுக்குக் குடிபோனான். கரண்ட் போனால் மருமகள்தான் முதலில் போன் செய்கிறாள். அவரும் போய் அடுப்படி வாசலில் நிற்கிறார்.

"இடது பக்கமா கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா" என்கிறாள் அவள், "வாணலியில நிழல் விழுது."