வாயை ஊதுங்கோ

"ஷராப் பீதே ஹோ?" என்று டாக்டர் மெஹ்ரா இவரைக் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. கழுத்தில் கட்டியோடு வந்த மனுஷனைப் பார்த்து, குடிப்பீர்களா என்று கேட்பதாவது! டி.பி. என்று சொல்லி டிஸ்பென்சரியில் ஆறு மாசமாக ஊசி போட்டுத் தள்ளியிருந்தார்கள். சாயங்காலக் காய்ச்சலும் விடவில்லை, கட்டியும் கரையவில்லை. அதனால்தான் இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன்.

"கட்டி வலிக்குமா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். சாப்பிட்ட பிறகு தோள் வரைக்கும் சுண்டி இழுக்கிறது என்று இவர் சொன்னார். உடனே இந்தக் கேள்வி.

"நஹி, நஹி! எங்காத்துல அந்தப் பேச்சே கிடையாது!" என்று நான்தான் முந்திக்கொண்டேன். அவசரத்தில் எனக்கு ஹிந்தி பாதிதான் வரும். இவரோ தரையைப் பார்த்துத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முழி தெரியாதா?

சிலருக்கு ஒரு வாய் குடித்தாலே கட்டி வலிக்குமாம். அப்படியென்றால் அது டி.பி.யாக இருக்காதாம், வேறு பெரிய வியாதியாம். "குடிப்பதில்லை என்றால் டி.பி. மருந்தையே இன்னும் மூன்று மாசம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். மூன்று மாசமா? ஏற்கெனவே சட்டை இவர் மேல் கொடியில் கிடப்பது போலத்தான் தொங்கியது. இந்த மனுஷன் பொய் சொன்னால் உயிருக்கே ஆபத்து.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் துப்பறிய ஆரம்பித்தேன். டெல்லியில் சாராயக் கடைகளையே அடிக்கடி மூடி வைத்திருந்த ஜனதா ராஜ்ஜியம் அது. ஆனால் இவர் ஆபீஸ் செக்‌ஷனில் மாசிலாமணி என்று ஒருத்தன். அவன் தம்பி மிலிட்டரியில் இருந்தான், ரம்முக்குப் பஞ்சமா? சட்டைப் பையைத் துழாவினேன், டிபன் பையை உதறினேன், கைக்குட்டையை முகர்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அமுக்கன், தடயமே விடவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்து மருந்தும் குடித்தார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"ஏன்னா, வாயை ஊதுங்கோ."

"என்னடி கூத்து இது?"

"ஊதுங்கோன்னா!"

ஊதினார். குப்பென்று அடித்தது புளித்த சாராய வாசனை.

"எங்கே குடிச்சேள்? அந்தக் கட்டையிலே போற மாசிலாமணிதானே குடுத்தான்?"

"நீதான்டி குடுத்தே!" என்று வலியோடு கத்தினார். "சாப்பிட்டதும் தெனம் ஊத்தறயே, அந்த அரிஷ்டம்! குடிச்சா வலிக்கறதுன்னு சொன்னேன், மருந்துக்கு டிமிக்கி குடுக்கறேன்னு கத்தினே. ஆஸ்பத்திரியிலே நீ அவ்வளவு ஜம்பமா சொன்னப்புறம், ஊத்திக் குடுக்கறதே இவதான்னு நான் எப்படிடி சொல்லுவேன்?"

திராட்சாரிஷ்டம்! உடம்பு தேறட்டும் என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நானே பார்த்து வாங்கியது. அதை எந்த மாமியாவது சாராயத்தோடு சேர்ப்பாளா? பிள்ளை பெற்றவளுக்கே அரிஷ்டம்தானே கொடுக்கிறோம்?

பாட்டிலோடு இவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மாதாஜி, புளிக்க வைத்த திராட்சை! இதிலும் ஆல்கஹால் உண்டு" என்றார். குடித்து எவ்வளவு நேரத்தில் வலி வரும் என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றார் இவர். டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டி.பி. இல்லை. நெறிகட்டுகிற இடத்தில் வரும் புற்றுநோயாம், ஹாட்ஜ்கின் என்று பெயராம். "டி.பி. மாதிரியே வேஷம் போடும். கடுமையான மருந்துதான், ஆனால் இருக்கிறது. பிழைத்தவர்களும் இருக்கிறார்கள்" என்றார் டாக்டர். நீங்களும் பிழைப்பீர்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் இவர் என் பக்கம் திரும்பினார். "இப்பவாவது நம்பறியா, நான் குடிகாரன் இல்லேன்னு?"

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிகாரனாவே இருந்திருக்கப்படாதா? சண்டை போட்டே நிறுத்தியிருப்பேனே! இதோட நான் எப்படின்னா சண்டை போடுவேன்?"