ஏழாம் ஓட்டையும் பத்தொன்பதாம் ஓட்டையும்

ஜொகூர் மாசாயில் உள்ள எங்கள் பெயின்ட் தொழிற்சாலையில் குணாளனுக்கு ‘மின்னிலக்க உருமாற்ற இயக்குநர்’ என்று பதவி. இதுவரை உருமாறியது அவருடைய பெயர் அட்டை மட்டும்தான். கணினிக் கம்பிகளைப் பார்ப்பவன் நான், மரியநாதன்.

செவ்வாய்க்கிழமை டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வருவதாக இருந்தது. “படம் புடிப்பாங்க நாதன், ஒயரெல்லாம் கொஞ்சம் அழகா கட்டி வை லா” என்றார் குணாளன். அன்று காலை கட்டினேன். ஒரு கம்பியின் முனை மட்டும் அசிங்கமாகத் தொங்கியது. கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் காலியாக இருந்த ஏழாம் ஓட்டையில் செருகினேன். அதன் மறுமுனை அதே சுவிட்சின் பத்தொன்பதாம் ஓட்டையில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மேக் எண் உண்டு. எந்த எண் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று சுவிட்ச் ஓர் அட்டவணை வைத்திருக்கும். இப்போது அனுப்பிய தகவலெல்லாம் வட்டமடித்துத் திரும்பி வர, எல்லா எண்களும் ஏழிலும் பத்தொன்பதிலும் மாறி மாறித் தெரிந்தன. அட்டவணை குழம்பியது. தொழிற்சாலை முப்பத்தெட்டு நிமிடம் நின்றது. வாசலில் லாரிகள், நடுவில் டத்தோ.

கம்பியைப் பிடுங்கி, அட்டவணையை அழித்துப் புதிதாகக் கற்க விட்டேன். எல்லாம் ஓடியது.

“என்ன ஆச்சு?” என்றார் குணாளன்.

“ஒயர் மாறியிருந்துச்சு பாஸ்.”

“சுவிட்ச் ரூமுக்குள்ள யாரு போனா?”

“காலைல வெள்ளையம்மாக்கா துடைக்க வந்தாங்க.”

சொன்ன இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து அவர் பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதினார். துப்புரவு வேலை செய்யும் வெள்ளையம்மாவுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. அதே வெள்ளிக்கிழமை, கோளாறைச் சரிசெய்ததற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

அன்று காலை வெள்ளையம்மா என்னிடம் வந்தார். “யோசிச்சுப் பாத்தேன் தம்பி. எம் மாப்பு ஒயர்ல பட்டிருக்கும் போல. ஒங்களுக்குத்தான் பாவம், எவ்ளோ கஷ்டம்.”

அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சான்றிதழ் வாங்கியிருப்பேன்.

சுவிட்சின் பதிவைத் தாளில் எடுத்தேன். எண்கள் தடுமாறத் தொடங்கியது பத்து நாற்பத்திரண்டுக்கு. வெள்ளையம்மா அன்று சுவிட்ச் அறையைப் பூட்டிச் சாவியைத் தந்தது எட்டரைக்கு. அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்தவன் தொழிற்சாலையிலேயே நான் ஒருவன்தான். மூன்று நாளாக அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

குணாளனிடம் நீட்டினேன்.

“ரிப்போர்ட்டு கேஎல் ஹெட் ஆபீசுக்குப் போயிருச்சு லா. இந்தப் பேப்பர் யாருக்குப் புரியும்?”

“சொன்னா புரியும் பாஸ்.”

“அலமாக், சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டாச்சு நாதன்.”

சான்றிதழ் வழங்கும் கூட்டத்தில் ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்தார்கள். நன்றியுரைக்குப் பதிலாகத் தாளைப் படித்தேன். “ஏழுல சொருகுனது நாந்தான்” என்றேன். யாரோ கை தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். தொழிற்சாலை மேலாளர் வெள்ளையம்மாவைத் திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்கு வரச் சொன்னார்.

திங்கள் காலை அவர் மாப்போடு வந்து நின்றார். சாவியை நீட்டினேன்.

“செவ்வாக்கெழமையே தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்க்கா.”

சாவியை வாங்கிக்கொண்டார். தம்பி என்று கூப்பிடவில்லை.

“நான் தொடைக்கிறப்போ நீங்க வெளிய நில்லுங்க” என்று கதவைத் திறந்தார். நின்றேன்.